கொழுப்பு நனோ துகள்களில் மருந்து: திருகோணமலையில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

பைஸர் பூஸ்டர் போட்ட காலத்திலிருந்து இந்தக் கேள்விகள் ஓயவில்லை. வாட்டில் பங்கசுத் தொற்றுக்கான அம்போடெரிசினைக் கலக்கும் தாதியர் கேட்பது ஒரு விதம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஆய்வுச் செயற்றிட்டம் செய்யும் மாணவர்கள் கேட்பது இன்னொரு விதம். கிண்ணியாவிலும் மூதூரிலும் பாமசிக்கு வருகிறவர்கள் கேட்பது வேறு. ஆனால் எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரு விஷயம்தான். மருந்தில் பாதி, அதைச் சுமக்கிற கொழுப்புத் துகள். துகள் கெட்டால் குப்பியில் பெயர் எழுதியிருக்கிற மருந்து உள்ளே இருந்தும் பயனில்லை, சில வேளை ஆபத்தும் கூட.

கொழுப்பு நனோ துகள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தேங்காய்ப்பூவில் பிழிந்த முதற்பாலை ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வையுங்கள். வெள்ளையாகத் தெரிவது நீருக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகளால். ஒவ்வொரு துளியும் சில மைக்ரோமீற்றர் அகலம். கொஞ்ச நேரத்தில் துளிகள் மேலே ஏறி ஏடாகத் திரண்டுவிடும், கீழே நீர்ப்பால் தங்கும். அதே துளியை 100 நனோமீற்றருக்குச் சுருக்கினால் நீர் மூலக்கூறுகளின் இடியே அதை ஓயாமல் அலைக்கழிக்கும். மேலே ஏறவும் மாட்டாது, அடியில் படியவும் மாட்டாது. பால் போன்ற வெள்ளையும் குறைந்து, வெளிச்சத்துக்குப் பிடித்தால் இலேசான நீலச் சாயல் காட்டும். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் இப்படி எண்ணூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம்.

உயர்தர உயிரியலில் இலிப்பிட்டு என்று படிப்பதுதான் இதன் மூலப்பொருள். பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் ஒரு தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. நீரில் போட்டதும் வால்கள் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே நிற்கும். அப்படித் தானாகவே ஒரு கோளம் உருவாகிறது. யாரும் உருட்டுவதில்லை.

எல்லாம் ஒன்றுதானா, வகைகள் உண்டா?

உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. லிப்போசோம் என்பது இரட்டை அடுக்கு மென்சவ்வால் ஆன பை, நடுவில் நீர் இருக்கும். 1960களில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்ரகாமில் அலெக் பாங்கம் அவதானித்தது இதைத்தான். திண்மக் கொழுப்பு நனோ துகளில் நீர் கிடையாது. அறை வெப்பத்தில் கட்டியாக நிற்கும் கொழுப்பையே உருக்கிச் சிறு மணிகளாக்குகிறார்கள். அதில் கொஞ்சம் திரவ எண்ணெயையும் கலந்தால் அது மூன்றாவது வகை. எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் கட்டளையைக் கலத்துக்குக் கொண்டுபோகும் ஆர்என்ஏ) தடுப்பூசிகளில் இருப்பது நான்காவது. அதன் உள்ளே தெளிவான நீர்ப் பை இல்லை, கொழுப்பும் ஆர்என்ஏயும் நெருக்கமாகப் பிணைந்த கரு இருக்கிறது.

ஒபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்தான புரோபபோலும் தூரத்துச் சொந்தம். அது 10 வீத சோயா எண்ணெய்க் குழம்பு. துளிகளைப் பிரித்து வைத்திருப்பது முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த லெசித்தின். எண்ணெயும் சத்தும் நிறைந்த திரவமாகையால் பக்றீரியா அதில் விரைவாகப் பெருகும். திறந்த குப்பியை அடுத்த நோயாளிக்கு வைத்திருக்கவே கூடாது.

ஏன் இவ்வளவு பாடுபட்டு மருந்தைக் கொழுப்புக்குள் வைக்க வேண்டும்?

மூன்று காரணம். சில மருந்துகள் நீரில் கரையவே மாட்டா. சில மருந்துகள் இரத்தத்தில் நிமிடக் கணக்கில் அழிந்துவிடும். வெறும் எம்ஆர்என்ஏயை ஊசியில் ஏற்றினால் நொதியங்கள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். மூன்றாவது வகை மருந்து வேலை நன்றாகச் செய்யும், ஆனால் போகக் கூடாத உறுப்புக்கும் போய்க் கெடுக்கும். அம்போடெரிசின் சிறுநீரகத்தையும் டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தையும் தாக்குவது அப்படித்தான். துகளுக்குள் அடைத்தால் அது எங்கே போகிறது, எவ்வளவு மெதுவாக வெளியே வருகிறது என்பதை மாற்றலாம்.

தடுப்பூசித் துகளில் என்னென்ன இருக்கிறது?

நான்கு கொழுப்புகள். பைஸர் தடுப்பூசியின் 30 மைக்ரோகிராம் டோஸில் அயனாகக் கூடிய கொழுப்பு 0.43 மி.கி., பெக் (பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற நீரை விரும்பும் சங்கிலி) இணைத்த கொழுப்பு 0.05 மி.கி., டிஎஸ்பிசி என்ற பொஸ்போலிப்பிட்டு 0.09 மி.கி., கொலஸ்ட்ரோல் 0.2 மி.கி. மொடர்னாவில் மூல் விகிதம் 50, 10, 38.5, 1.5 என்று வரும். அதாவது அயனாகும் கொழுப்பு, டிஎஸ்பிசி, கொலஸ்ட்ரோல், பெக் கொழுப்பு என்ற வரிசையில். இதே விகிதம் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்பாட்ரோவிலும் இருந்தது. அதுவே சிறு ஆர்என்ஏ துண்டைக் கொழுப்புத் துகளில் ஏற்றிய முதல் மருந்து.

நான்கில் கெட்டிக்காரன் அயனாகும் கொழுப்பு. சூழல் அமிலமாக இருந்தால் அதற்கு நேர் ஏற்றம் வரும், நடுநிலையானால் ஏற்றம் போய்விடும். மாறும் இடம் பிஎச் 6.2க்கும் 6.7க்கும் இடையில் அமையும்படி மூலக்கூறை வடிவமைக்கிறார்கள். ஏன் அந்த இடம்? தயாரிக்கும்போது பிஎச் 4இல் கலக்கிறார்கள், அப்போது நேர் ஏற்றம் கொண்டு மறை ஏற்றமுள்ள ஆர்என்ஏயைக் கவ்விக்கொள்கிறது. இரத்தத்தின் பிஎச் 7.4இல் ஏற்றமின்றிச் சாதுவாகப் போகிறது. நிரந்தர நேர் ஏற்றமுள்ள கொழுப்பு என்றால் அங்கேயே கலங்களின் மென்சவ்வில் ஒட்டிக் கெடுத்துவிடும். கலம் துகளை விழுங்கி ஒரு சிறு பைக்குள் அடைக்கும்போது அந்தப் பையின் பிஎச் 6க்குக் கீழே இறங்குகிறது. மறுபடி ஏற்றம் வருகிறது, பையின் சுவரிலுள்ள மறை ஏற்றக் கொழுப்புகளோடு சேர்ந்து சுவரைக் குலைக்கிறது, ஆர்என்ஏ வெளியே தப்புகிறது.

தப்புவது எவ்வளவு என்று கேட்டால் மனம் சோரும். சிறு ஆர்என்ஏ துண்டுகளில் செய்த அளவீடுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வெளியே வந்தது. மீதி பைக்குள்ளேயே செரிக்கப்பட்டுப் போகிறது. இந்தத் துறையில் இன்று பலர் இந்த ஒன்றிரண்டைக் கூட்டத்தான் உழைக்கிறார்கள்.

கொலஸ்ட்ரோல் இடைவெளிகளை நிரப்புகிறது. டிஎஸ்பிசி வடிவத்தைத் தாங்குகிறது. பெக் வெளியே புல் மாதிரி நின்று துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது.

கொலஸ்ட்ரோல் என்கிறீர்களே, எனக்கு ஏற்கெனவே கூட. ஊசி போடலாமா?

ஒரு முட்டை மஞ்சட்கருவில் ஏறக்குறைய 200 மி.கி. இருக்கிறது. ஊசியில் 0.2 மி.கி. ஆயிரத்தில் ஒரு பங்கு. இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய அளவே அல்ல.

துகள் மரபணுவுக்குள் போய்விடுமா?

போகாது. எம்ஆர்என்ஏ கலத்தின் குழியவுருவில் புரதம் செய்யப் பயன்பட்டுச் சில நாட்களில் சிதைகிறது. கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏயோடு இணைய அதற்கு வழி இல்லை.

ஏன் இந்த மருந்துகள் அதிகமாக ஈரலுக்கே போகின்றன?

நாளத்தில் ஏற்றிய துகளின் மேல் அப்போஈ என்ற இரத்தப் புரதம் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு ஈரல் கலங்களில் வாசல் உண்டு. உடம்பு தன் சொந்தக் கொழுப்பை ஈரலுக்குக் கொண்டுபோகும் அதே பாதை. ஒன்பாட்ரோ இதையே வசதியாக்கிக்கொண்டது. ஈரலில் உருவாகும் ஒரு புரதத்தைத் தடுப்பதே அதன் வேலை. ஈரலைத் தவிர வேறெங்காவது அனுப்ப வேண்டுமென்றால் அதுவே பெரும் தலையிடி.

வாட்டில் இரண்டு அம்போடெரிசின் இருக்கிறது. இரண்டும் 50 மி.கி. குப்பி. மாற்றிப் போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். மாற்றவே கூடாது.

சாதாரண அம்போடெரிசின் டிஒக்சிகோலேட்டின் நாளாந்த டோஸ் உடல் நிறையில் கிலோவுக்கு 1.5 மி.கி.யை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. தாண்டினால் இதயமும் மூச்சும் நின்று போகலாம். லிப்போசோம் வகையில் வழமையான டோஸே கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த முறையில் ஒரே தடவையாகக் கிலோவுக்கு 10 மி.கி. கூடக் கொடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கையில் சாதாரணக் குப்பியை எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மூலக்கூறு ஒன்றேதான். மாறியது துகள் மட்டும். மருந்துச் சீட்டில் "அம்போடெரிசின்" என்று மாத்திரம் எழுதியிருந்தால் எழுதிய வைத்தியரிடம் எந்த வகை என்று கேட்காமல் கலக்காதீர்கள். யாரும் கோபிக்கக் கூடாத கேள்வி அது.

லிப்போசோம் வகையைக் கலக்கும் முறை இது. 50 மி.கி. குப்பிக்கு 12 மி.லீ. ஊசி மருந்துக்கான தூய நீர் விடுங்கள். சேலைன் விடக் கூடாது. விட்ட உடனேயே 30 செக்கன் பலமாகக் குலுக்குங்கள். மஞ்சள் நிறமான, கலங்கிய திரவம் வரும். மில்லிலீற்றருக்கு 4 மி.கி. ஒளியில் பிடித்துப் பார்த்துக் கட்டி ஏதும் தெரிந்தால் இன்னும் குலுக்குங்கள். தேவையான அளவைச் சிரிஞ்சில் இழுத்து, கூட வருகிற 5 மைக்ரோன் வடி ஊடாக 5 வீத டெக்ஸ்ட்ரோஸில் விடுங்கள். முடிவில் மில்லிலீற்றருக்கு 1 முதல் 2 மி.கி. இருக்க வேண்டும்.

60 கிலோ நோயாளி, கிலோவுக்கு 3 மி.கி. என்றால் 180 மி.கி. வேண்டும், நான்கு குப்பி. 180ஐ 4ஆல் வகுத்தால் 45 மி.லீ. இதை 135 மி.லீ. டெக்ஸ்ட்ரோஸில் சேர்த்தால் மொத்தம் 180 மி.லீ., மில்லிலீற்றருக்கு 1 மி.கி. திரவம் குறைவாகக் கொடுக்க வேண்டிய நோயாளி என்றால் 45 மி.லீ. டெக்ஸ்ட்ரோஸே போதும், 2 மி.கி. ஆகும். சுமார் இரண்டு மணித்தியாலத்தில் ஏற்றுங்கள்.

சேலைன் பட்டால் அப்படி என்ன ஆகும்?

இந்த லிப்போசோமில் டிஎஸ்பிஜி என்ற மறை ஏற்றமுள்ள கொழுப்பு இருக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்பதில் அந்த ஏற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உப்பின் அயன்கள் சூழ்ந்துகொண்டால் தள்ளும் விசை தளர்ந்து, துகள்கள் கூடி, வீழ்படிவாகின்றன. நோயாளிக்கு ஏற்கெனவே சேலைன் ஓடிய லைனிலேயே இதைத் தொடுப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. குப்பியைச் சரியாகக் கலந்துவிட்டுக் குழாயில் கோட்டை விடுகிறோம். முதலில் 5 வீத டெக்ஸ்ட்ரோஸால் லைனைக் கழுவுங்கள். முடியாவிட்டால் வேறு லைன் போடுங்கள். லைனில் வடி வைப்பதென்றால் அதன் துளை 1 மைக்ரோனுக்குக் குறையக் கூடாது.

பைஸரின் முதல் தயாரிப்பான ஊதா மூடிக் குப்பிக்கோ நேர்மாறு. அதை 1.8 மி.லீ. 0.9 வீத சேலைனால்தான் ஐதாக்க வேண்டியிருந்தது. ஆகவே "கொழுப்பு மருந்து என்றால் டெக்ஸ்ட்ரோஸ்" என்று ஒரு பொதுச் சட்டம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு துகளுக்கும் அதன் பெட்டியில் வரும் தகவல் தாள் சொல்வதே சட்டம்.

ஒன்றைக் குலுக்கச் சொல்கிறீர்கள், தடுப்பூசியைக் குலுக்காதே என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. லிப்போசோம் அம்போடெரிசின் உலர்ந்த தூள். அதன் கட்டியை உடைத்து நீருக்குள் பிரிக்கப் பலம் வேண்டும். துகளின் மென்சவ்வும் கெட்டியானது, மருந்து அந்தச் சவ்வுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. எம்ஆர்என்ஏ தடுப்பூசி ஏற்கெனவே நீரில் மிதக்கும் மென்மையான துகள். குலுக்கினால் நுரை எழும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் துகள் விரிந்து சிதைந்து மற்றதோடு ஒட்டும். அதனால்தான் பைஸரின் ஊதா மூடிக் குப்பியைப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தச் சொன்னார்கள், ஐதாக்குமுன் பத்து, ஐதாக்கிய பின் பத்து.

டொக்சோரூபிசின் லிப்போசோம் புற்றுக் கட்டியைத் தேடிப் போகுமா?

தேடாது. புற்றுக் கட்டியின் இரத்தக் குழாய்ச் சுவரில் ஓட்டைகள் பெரிது, 100 நனோமீற்றர் துகள் அதனூடே ஒழுகும், வடிகால் சரியில்லாததால் அங்கேயே தங்கும் என்பது 1986இல் மட்சுமுராவும் மயேடாவும் முன்வைத்த கருத்து. எலிக் கட்டிகளில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விலங்குகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏற்றிய நனோ துகள்களில் கட்டிக்குப் போனது இடைநிலையாக 0.7 வீதம் என்று காட்டியது. பெரிய நன்மை வேறிடத்தில். இதயத்துக்குப் போவது குறைகிறது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தின் மதிப்பு முதன்மையாக அதில்தான்.

இதற்குள் மருந்தை ஏற்றும் விதம் அழகானது. பைக்குள் அமோனியம் சல்பேற் கரைசலை அடைத்து வைத்து, வெளியே உள்ளதை நீக்குகிறார்கள். அமோனியா வெளியே கசியக் கசிய உள்ளே அமிலமாகிறது. டொக்சோரூபிசின் ஏற்றமின்றிச் சவ்வைக் கடந்து உள்ளே வந்ததும் புரோத்தனைப் பிடித்துக்கொண்டு சல்பேற்றோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது, திரும்பிப் போக முடியாது. உறைநிலை மின்னணு நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு பையும் நடுவில் கோடு விழுந்த கோப்பிக் கொட்டை போலத் தெரியும். அந்தக் கோடு மருந்துப் பளிங்கு.

கலப்பதற்கு 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டும். 90 மி.கி. வரை 250 மி.லீ., அதற்கு மேல் 500 மி.லீ. லைனில் வடி வைக்க வேண்டாம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1 மி.கி. என்ற வேகத்தைத் தாண்டாதீர்கள். முதல் ஏற்றலின்போது சில நிமிடத்திலேயே முகம் சிவத்தல், நெஞ்சு இறுக்கம், முதுகு நோவு வரலாம். துகளைக் கண்டு, இரத்தத்தில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் கொம்ப்ளிமென்ற் புரதங்கள் விழித்துக்கொள்வதால் வருவது இது. ஏற்றலை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும், பிறகு வைத்தியர் சொன்னால் மெதுவாகத் தொடரலாம்.

பெக் ஒவ்வாமை என்கிறார்களே?

அரிது, ஆனால் உண்மை. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் டோஸுக்கு ஏறக்குறைய 5 என்று அமெரிக்கக் கண்காணிப்பில் பதிவானது. பெக் சில பேதி மருந்துகளிலும் களிம்புகளிலும் குளிசைப் பூச்சிலும் உண்டு. முன்பு அப்படியொன்றால் மூச்சுத் திணறியவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். போட்ட பின் 15 நிமிடம் கதிரையில் இருத்துவது இதற்காகத்தான்.

நமது ஊர் வெயிலில் இந்த மருந்துகள் தாங்குமா? கரண்ட் போனால்?

மருந்துக்கு மருந்து வேறுபடும். லிப்போசோம் அம்போடெரிசின் உலர்ந்த தூள், திறக்காத குப்பி 25 பாகை வரை தாங்கும். 25 பாகை என்பது கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஏசி இல்லாத அறைக்கு எட்டாக்கனி. பகலில் 34, 35 சாதாரணம். "அறை வெப்பம்" என்று பெட்டியில் இருப்பதைப் பார்த்து ஜன்னலோர அலுமாரியில் வைக்காதீர்கள்.

லிப்போசோம் டொக்சோரூபிசினுக்கு 2 முதல் 8 பாகை. உறையவும் கூடாது. பைஸரின் முதல் தயாரிப்புக்கு நீண்ட காலச் சேமிப்பு உறைநிலைக்குக் கீழே 60 முதல் 90 பாகை. மொடர்னாவின் முதல் தயாரிப்புக்கு உறைநிலைக்குக் கீழே 15 முதல் 25 போதுமாயிருந்தது. ஊதா மூடிக் குப்பியை ஐதாக்கிய பின் ஆறு மணித்தியாலம்தான் வைத்திருக்க முடிந்தது.

வெப்பத்தில் கெடுவது இரண்டு விதம். பொஸ்போலிப்பிட்டின் வால் நீரால் அறுபடுகிறது, பிஎச் 6.5 அளவில் இது மிக மெதுவாக நடக்கும், இரண்டு பக்கமும் விலக விலக வேகமாகும். எம்ஆர்என்ஏயோ தானாகவே அறுபடும் இயல்புடையது. அதோடு அயனாகும் கொழுப்பு ஒட்சியேற்றமடைந்து உருவாகும் அல்டிகைட்டுகள் ஆர்என்ஏயில் ஒட்டி அதை வாசிக்க முடியாததாக்குகின்றன. குளிரில் கெடுவது வேறு விதம். நீர் பனிக்கட்டியாகும்போது துகள்கள் ஒதுக்கப்பட்டு நெருக்கப்பட்டு ஒன்றாகின்றன, பனி ஊசிகள் சவ்வைக் கிழிக்கின்றன. உறையவைக்கும் தயாரிப்புகளில் சுக்ரோஸ், அதாவது சீனி, சேர்ப்பது துகள்களுக்கிடையே கண்ணாடி போலப் படிந்து காக்கத்தான்.

நகரிலிருந்து புல்மோட்டைக்கோ வெருகலுக்கோ பெட்டியில் கொண்டுபோகும்போது வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் பொதியை 2–8 பாகைக் குப்பிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் சத்தமில்லாமல் மருந்தைக் கெடுக்கிறது. பொதியை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே நீர் சளசளக்கும்வரை பொறுங்கள். பிறகு அடுக்குங்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், நேரத்தை எழுதுங்கள், வெப்பமானியின் அதியுயர் வாசிப்பைப் பாருங்கள்.

வளாக ஆய்வுகூடத்தில் ஒரு லிப்போசோம் செய்து பார்க்க என்ன வேண்டும்?

மஞ்சளின் குர்க்குமினை ஏற்றும் ஒரு சிறு செய்முறையைத் தருகிறோம். இது படிப்புக்கான மாதிரி. எவருக்கும் கொடுப்பதற்கல்ல.

3 மி.லீ.யில் மொத்தம் 30 மைக்ரோமூல் கொழுப்பு. சோயா பொஸ்பற்றிடைல்கோலின் 20 மைக்ரோமூல், அதாவது 15.5 மி.கி. கொலஸ்ட்ரோல் 10 மைக்ரோமூல், 3.9 மி.கி. குர்க்குமின் 1.5 மைக்ரோமூல், 0.55 மி.கி. இவ்வளவு சிறிய நிறையைத் தராசில் நேராக நிறுக்காதீர்கள். எதனோலில் மில்லிலீற்றருக்கு 1 மி.கி. கரைசல் செய்து 0.55 மி.லீ. எடுங்கள்.

லெசித்தின் போத்தலை ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் திறக்க வேண்டாம். நமது கடற்கரைக் காற்றின் ஈரம் உடனே உள்ளே பனித்துவிடும், தூள் பசையாகும், பிறகு நிறையும் பிழை, கொழுப்பும் கெடும். அரை மணித்தியாலம் மூடியபடியே மேசையில் விடுங்கள்.

எல்லாவற்றையும் 50 மி.லீ. வட்ட அடிக் குடுவையில் 3 மி.லீ. குளோரோபோமில் கரையுங்கள். புகைக் கூட்டுக்குள், கண்ணாடிச் சிரிஞ்சால். பிளாஸ்டிக்கைக் குளோரோபோம் கரைத்துத் துகளுக்குள் கொண்டுவந்துவிடும். சுழல் ஆவியாக்கியில் 40 பாகையில் சுற்றுங்கள். ஒடுக்கிக்குக் குழாய் நீர் இங்கே உதவாது. தாங்கியிலிருந்து வருவதே 30 பாகை இருக்கும், ஆவி குளிராமல் பம்புக்குள் போகும். வாளியில் ஐஸ் போட்டுச் சிறு பம்பால் சுற்றவிடுங்கள். சுவரில் மஞ்சள் படலம் சமமாகப் படிய வேண்டும். நடுவில் தடித்த வளையம் தெரிந்தால் வெற்றிடத்தை அவசரமாகக் கூட்டிவிட்டீர்கள். மறுபடி கரைத்துத் தொடங்குங்கள். பின்னர் குறைந்தது இரண்டு மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுக்க, வெற்றிடத்தில் வையுங்கள்.

இனி 3 மி.லீ. தாங்கற் கரைசல். பிஎச் 6 முதல் 6.5 வரை. 7.4 வேண்டாம், குர்க்குமின் அந்தப் பிஎச்சில் அரை மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஒளியும் ஆகாது, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். படலம் உரிந்து பால் போலாகும்வரை 30 முதல் 60 நிமிடம் சுழற்றுங்கள்.

சோயா கொழுப்பின் சவ்வு உறைநிலைக்குக் கீழேயே இளகிவிடும், அதனால் அறை வெப்பம் போதும். டிஎஸ்பிசி எடுத்தால் கதை வேறு. அது 55 பாகையில்தான் இளகும். நீரும் குடுவையும் வடிகட்டும் கருவியும் 60க்கு மேல் இருக்க வேண்டும். கருவி ஆறினால் சவ்வு கெட்டியாகி, தள்ளத் தள்ள வடித்தாள் கிழியும். திடீரென்று தள்ளுவது இலகுவானால் மகிழ வேண்டாம், தாள் போய்விட்டது என்று அர்த்தம்.

இரு பக்கமும் சிரிஞ்ச் கொண்ட வடிகட்டும் கருவியில் 400, 200, 100 நனோமீற்றர் துளைத் தாள்களினூடே வரிசையாகத் தள்ளுங்கள். கடைசித் தாளில் 21 தடவை. ஒற்றை எண் ஏன் என்றால், கடைசியில் திரவம் தொடங்கிய சிரிஞ்சில் அல்லாமல் எதிர்ச் சிரிஞ்சில் முடிய வேண்டும். தாளைக் கடக்காத பெருந்துகள் தொடங்கிய பக்கத்திலேயே தங்கிவிடும்.

எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று எப்படி அளப்பது?

அடைபடாத குர்க்குமின் நீரில் பளிங்காக நிற்கும். மெதுவான மையநீக்கத்தில், 3000 ஜீ அளவில் 10 நிமிடம், அது அடியில் மஞ்சள் பொட்டாகப் படியும். மேலுள்ள திரவத்தில் சிறிதை எதனோலில் கரைத்து 425 நனோமீற்றரில் உறிஞ்சலை அளவுங்கள். ஆரம்பத்தில் போட்டது 0.55 மி.கி., மேலே 0.44 மி.கி. இருந்தால் 80 வீதம். அடிப்பொட்டையும் கரைத்து அளவுங்கள். இரண்டும் கூட்டி 0.55க்குக் கிட்ட வராவிட்டால் எங்கோ சிதைந்திருக்கிறது, அல்லது குடுவைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்தக் கூட்டலைச் செய்யாமல் வரும் அறிக்கைகளை நம்புவது கடினம்.

துகள் அளவை ஒளிச் சிதறலால் அளக்கும்போது ஐதாக்கும் கரைசலையும் 0.2 மைக்ரோன் வடியில் வடியுங்கள். ஒரு தூசி நூறு நனோமீற்றர் துகள்கள் இலட்சத்தை மறைத்துவிடும். துகள்கள் எவ்வளவு சீரான அளவில் உள்ளன என்பதைக் காட்டும் பரவல் சுட்டி 0.2க்குக் கீழே வந்தால் நல்ல மாதிரி.

நுண்குழாய்க் கலப்பான் இல்லை. ஆர்என்ஏ துகள் செய்யலாமா?

தொழிற்சாலை முறை இப்படி. கொழுப்புகள் எதனோலில் ஒரு பங்கு, ஆர்என்ஏ பிஎச் 4 சிற்றிக் அமிலத் தாங்கற் கரைசலில் மூன்று பங்கு. இரண்டும் மில்லிசெக்கன்களில் கலந்தாக வேண்டும். பிறகு பிஎச் 7.4 கரைசலுக்கு எதிராகக் கூழ்பிரித்து எதனோலை நீக்குகிறார்கள். டி வடிவ இணைப்பும் இரண்டு சிரிஞ்ச் பம்பும் இருந்தால் ஓரளவு செய்யலாம். பிப்பெற்றால் கலந்தாலும் துகள் வரும், ஆனால் பெரிதும் சிறிதுமாக, ஆளுக்கு ஆள் வேறாக. கை வேகம் முடிவைத் தீர்மானிக்கும் முறை ஒப்பிட உதவாது.

திண்மக் கொழுப்புத் துகள் முதல் நாள் நன்றாக இருந்தது. ஒரு கிழமையில் ஜெல்லியாகி, மருந்தும் வெளியே வந்துவிட்டது. ஏன்?

கொழுப்பு அவசரமாக ஆறும்போது ஒழுங்கற்ற பளிங்காக உறைகிறது. அந்த ஒழுங்கின்மையின் சந்து பொந்துகளில்தான் மருந்து குந்தியிருக்கும். நாட்கள் போக மூலக்கூறுகள் இறுக்கமான ஒழுங்குக்கு மாறும். இடம் இல்லாமல் போய் மருந்து வெளியே தள்ளப்படும். கோளம் தட்டையாகும், பரப்புக் கூடும், அந்தப் பரப்பை மூடும் அளவுக்குச் சவர்க்காரப் பொருள் இல்லாவிட்டால் துகள்கள் ஒட்டி ஜெல்லியாகும். கொழுப்பின் ஒரு பகுதிக்குத் திரவ எண்ணெயை மாற்றிப் பாருங்கள், சவர்க்காரப் பொருளான பொலிசோர்பேற் 80ஐக் கூட்டுங்கள். உயர் அமுக்கக் கருவியில் 500 பாரில் மூன்று முதல் ஐந்து சுற்றுப் போதும். கூடச் சுற்றினால் சிறிதாகும் என்று எண்ணுவது தவறு, வெப்பம் ஏறித் துளிகள் மறுபடி சேரும்.

சித்த மருத்துவத்தின் நெய் மருந்துகளும் இதுதானே?

கோணேசபுரியில் சித்த மருத்துவ பீடம் இருப்பதால் அடிக்கடி வரும் கேள்வி, நல்ல கேள்வியும் கூட. நீரில் கரையாத சாரத்தை நெய்யில் இறக்கினால் பித்தநீர் அந்த நெய்யைக் குடலில் சிறு துளிகளாக உடைத்து உறிஞ்ச உதவும். கொழுப்பு மருந்தைச் சுமக்கிறது என்ற அறிவு அதில் இருக்கிறது. ஆனால் துகளின் அளவை யாரும் கட்டுப்படுத்துவதில்லை, நெய் நனோ துகள் அல்ல. இணையத்தில் "நனோ மஞ்சள்", "லிப்போசோம் விற்றமின்" என்று விற்பவர்களிடம் துகள் அளவும் அடைபட்ட வீதமும் காட்டும் அறிக்கை கேளுங்கள். தராவிட்டால் அது வெறும் லேபல்.

ஹலாலா? சைவமா?

முட்டை லெசித்தின் உள்ளவை உண்டு, புரோபபோல் போல. கொலஸ்ட்ரோல் செம்மறிக் கம்பளி மெழுகிலிருந்தும் வரும், தாவரத்திலிருந்தும் வரும். குறிப்பிட்ட மருந்தின் தாளில் பார்த்து மருந்தாளரிடம் கேட்பதே சரி. சோயா, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அவ்வாறே.

குப்பியைப் பார்த்தே பழுதா இல்லையா என்று சொல்லலாமா?

அடியில் படிவு, மேலே எண்ணெய் வளையம், குலுக்கியும் கரையாத வெள்ளைத் துணிக்கை தெரிந்தால் பழுது. தெரியாவிட்டால் நல்லது என்று பொருளல்ல. 100 நனோமீற்றர் துகள் 300 ஆனாலும் கண்ணுக்கு அதே கலங்கல்தான். மருந்து கசிந்து வெளியே வந்திருந்தாலும் நிறம் மாறாது. வெப்பப் பதிவு ஒன்றே சாட்சி. சந்தேகமான குப்பியை எறியாமல், பாவிக்காமல், அதற்குரிய வெப்பத்திலேயே தனியாக வையுங்கள். "பாவிக்க வேண்டாம்" என்று ஒட்டி, எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை பாகை வரை ஏறியது, எவ்வளவு நேரம் என்று எழுதி மருந்தாளரிடம் ஒப்படையுங்கள். அந்த மூன்று எண்களும் இருந்தால்தான் அவரால் முடிவெடுக்க முடியும்.